பாரம் வேண்டும் என்கிறீர்கள், சுமையை ஏன் இறக்கினீர்கள்?

எங்கள் சபையின் போதகர் ஐயாவுக்கும், மூப்பர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

மூன்று மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில், மற்ற அறிவிப்புகளோடு சேர்த்து இரண்டு முடிவுகளை வாசித்தீர்கள். இந்த ஆண்டு சபையின் பொருள் ‘ஒரே மனம், ஒரே அனல்’ என்பது ஒன்று. வீட்டுச் சந்திப்புக் குழு அந்த மாதத்தோடு கலைக்கப்படுகிறது என்பது மற்றொன்று. சந்திப்பு தேவைப்படுவோர் சபை அலுவலகத்தில் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும், சம்பளத்தில் அமர்த்தப்படும் ஊழியர் ஒருவர் முறைப்படி வந்து பார்ப்பார் என்றீர்கள். முதல் அறிவிப்புக்கு நானும் ‘ஆமென்’ சொன்னேன். இரண்டாவதைக் கேட்டபோது வாய் திறக்கவில்லை. எழுந்து பேசியிருக்க வேண்டும். புதிய ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மூன்று மாதம் பார்த்துவிட்டேன். முடிவு சபையார் அனைவரையும் தொடுவது என்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

அந்தக் குழுவில் நான் 19 ஆண்டுகள் இருந்தேன். வாரத்தில் ஒரு மாலை, இரண்டிரண்டு பேராக, நோயுற்றோர், முதியோர், துக்கத்தில் இருப்போர், ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் ஆகியோரின் வீடுகளுக்குப் போவோம். ஒரு சங்கீதம் வாசிப்போம். அவர்கள் பேசினால் கேட்போம், பேசாவிட்டால் உட்கார்ந்திருப்போம். ஜெபித்துவிட்டுத் திரும்புவோம். சில வீடுகளில் பாத்திரம் கழுவி வைத்திருக்கிறோம். சில வீடுகளில் எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வந்ததும் ஒரு குறிப்பேட்டில் தேதி, வீட்டாரின் பெயர், அடுத்து என்ன தேவை என்பதை எழுதிவைப்போம். குழு கலைக்கப்பட்ட நாளில் அந்தக் குறிப்பேட்டில் 63 வீடுகள் இருந்தன. அதை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னீர்கள், ஒப்படைத்தோம்.

கடந்த வாரம் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மூன்று மாதத்தில் சந்திப்புக்காகப் பெயர் பதிந்தவர்கள் நான்கு பேர். மீதி 59 வீடுகளில் நோய் தீர்ந்துவிட்டதா, முதுமை விலகிவிட்டதா? படுத்த படுக்கையாய் இருப்பவர் விண்ணப்பம் போடுவதில்லை, ஐயா. கணவனை அடக்கம் செய்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பவள் தொலைபேசியை எடுத்து, ‘என்னை வந்து பாருங்கள்’ என்று சொல்வதில்லை. சபையின்மேல் மனம் கசந்து விலகியவர் சபை அலுவலகத்தில் பெயர் கொடுக்கவே மாட்டார். சந்திப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களால்தான் அதைக் கேட்க முடியாது. இதை அறிய பெரிய படிப்பு தேவையில்லை, ஒரு மாலை எங்களோடு நடந்திருந்தால் போதும். கலைக்கும் முடிவை எடுத்தவர்களில் ஒருவர்கூட அப்படி நடந்ததில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஆனாலும் இந்த மடல் அந்த 59 வீடுகளுக்காக மட்டும் எழுதப்படவில்லை. நீங்கள் கூடும்போதெல்லாம் சொல்லும் ஒரு குறை இருக்கிறது: சபையாரிடம் வாஞ்சை குறைந்துவிட்டது, ஊழிய பாரம் இல்லை, வருகிறார்கள், உட்காருகிறார்கள், போகிறார்கள். அந்தக் குறை உண்மை. நானும் அதைக் காண்கிறேன். அதற்கு நீங்கள் கண்ட மருந்து மூன்று நாள் எழுப்புதல் கூட்டங்கள், வெளியிலிருந்து வரும் பிரசங்கியார்கள், புதிய ஒலி அமைப்பு, மேடை விளக்குகள். அவற்றை நான் பழிக்கவில்லை. எழுப்புதல் கூட்டம் ஒன்றில்தான் என் வாழ்க்கையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். நான் சொல்ல வருவது, மேடையை எழுப்பும் அதே கையால் நீங்கள் எதை இடித்தீர்கள் என்பதைப் பற்றி.

நம் சபைகளில் ஒருவருக்கு ஊழியத்தின்மேல் இருக்கும் தணியாத ஈடுபாட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பாரம். ‘அந்த அம்மாவுக்குச் சிறுபிள்ளைகள் மேல் பாரம் உண்டு’, ‘அவருக்கு ஆத்தும பாரம் இருக்கிறது’ என்கிறோம். ஆர்வம், உற்சாகம் என்ற சொற்கள் இருந்தும் அவற்றை விட்டுவிட்டு, எடையைக் குறிக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டோம். எனக்கு இது எப்போதும் சரியான சொல்லாகவே பட்டிருக்கிறது. பாரம் என்றால் தோளில் ஏதோ இருக்க வேண்டும். ஒரு ஆளின் பெயர், ஒரு வீட்டின் கதவு, ஒரு பிள்ளையின் படிப்பு என்று குறிப்பான ஒன்று. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறார் பவுல். சுமையை வாங்கி அலுவலகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, ‘உங்களுக்கு ஏன் பாரம் இல்லை’ என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்டால், நாங்கள் என்ன பதில் சொல்வது?

என் கண்முன்னே நடந்ததைச் சொல்கிறேன்.

13 ஆண்டுகளுக்கு முன் நம் சபையில் ஒரு சகோதரி இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அடக்க ஆராதனைக்குச் சபையே திரண்டு வந்தது. அதன்பின் அவர் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. நானும் என்னோடு வரும் சகோதரியும் போனோம், தட்டினோம், உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது, கதவு திறக்கவில்லை. வாசலில் நின்றபடியே ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் மழை. போகத்தான் வேண்டுமா என்று யோசித்து, போனோம். நான்காம் வாரம் நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. அவர் எதுவும் பேசவில்லை. ஒரு மணி நேரம் மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ‘அன்று மழையில் நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன், வந்தீர்கள்’ என்று பல மாதம் கழித்துச் சொன்னார். ஞாயிறு பள்ளியில் இன்று மிகச் சிறிய பிள்ளைகளின் வகுப்பை எடுப்பவர் அவர்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் அவர் மடியில் உட்கார்ந்துதான் முதல் வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். அலுவலகத்தில் பதிவுசெய்தால் வருவோம் என்று அன்று சொல்லியிருந்தால் அந்தக் கதவு இன்றுவரை திறந்திருக்காது.

இன்னொன்று. சபைக் கணக்கு வழக்கை ஒட்டி எழுந்த ஒரு பிணக்கில் இரண்டு குடும்பத் தலைவர்கள் ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் திருவிருந்துக்கு எழுந்தால் மற்றவர் உட்கார்ந்துவிடுவார். ஒப்புரவாகுதலைப் பற்றி முந்தைய போதகர் எத்தனையோ முறை பிரசங்கித்தார். மூப்பர்கள் இருவரையும் அழைத்துப் பேசினார்கள். பிணக்கு கூடியதே தவிரக் குறையவில்லை. அப்போது சந்திப்புக் குழுவை நடத்தியவர் ஒரு காரியம் செய்தார். பக்கவாதத்தில் விழுந்த ஒரு முதியவருக்கு வாரம் ஒருமுறை உடம்பு துடைத்து, படுக்கை மாற்ற ஆள் தேவைப்பட்டது. கனத்த சரீரம், தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும். இந்த இருவரையும் தனித்தனியே கேட்டுச் சேர்த்து அனுப்பினார். சமாதானமாகும்படி அவர்களிடம் சொல்லவே இல்லை. முதல் சில வாரம் இருவரும் முதியவரோடு மட்டும் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒருவர் தோளைத் தாங்கினால் மற்றவர் காலைத் தாங்க வேண்டும்; ‘இப்போது தூக்கலாம்’ என்றாவது சொல்லித்தானே ஆக வேண்டும். அந்த ஒரு சொல்லில் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அந்த முதியவர் மரித்தபோது, அவருடைய பெட்டியை இருவரும் முன்னும் பின்னுமாகத் தோள்கொடுத்துச் சுமந்ததை நான் பார்த்தேன். ‘ஒரே மனம்’ என்பதைப் பதாகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இரண்டு தோள்கள்தான்.

ஒருமனம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளில் ஆதிச் சபை ஒருமனப்பட்டிருந்தது என்று வருகிற இடங்களை இந்த ஆண்டு முழுவதும் நமக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள். மேலறையில் ஜெபித்தபோதும், தேவாலயத்தில் தரித்திருந்து வீடுகள்தோறும் அப்பம் பிட்டபோதும் அவர்கள் ஒருமனமாக இருந்தார்கள். அதே கிரேக்கச் சொல் அதே புத்தகத்தில் வேறு இடங்களிலும் வருகிறது. ஸ்தேவானைக் கல்லெறிய ஓடியவர்கள் காதுகளை அடைத்துக்கொண்டு ஒருமனமாய்ப் பாய்ந்தார்கள். 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்துக் கூட்டம் ஒருமனமாய் அரங்கசாலைக்குள் பாய்ந்து, இரண்டு மணி நேரம் ஒரே முழக்கத்தை முழங்கியது. அனலுக்கு அங்கே குறைவே இல்லை. ஆனால் தாங்கள் எதற்காகக் கூடினோம் என்பதே அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா குறித்துவைத்திருக்கிறார். இதைப் படிக்கும்போது எனக்குப் பயம் வருகிறது. அரங்கம் நிறைவதும் குரல்கள் ஒன்றாய் உயர்வதும் சபை ஒருமனமாக இருப்பதற்குச் சான்று ஆகா. எதற்காகக் கூடினோம் என்று கேட்டால், கடைசி வரிசையில் இருப்பவரும் தன் கையிலுள்ள வேலையைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டியபோது அப்படித்தான் நடந்தது. அந்தப் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று வாசியுங்கள். பொற்கொல்லர் ஒரு பங்கைக் கட்டுகிறார், தைலம் செய்கிறவர் ஒரு பங்கைக் கட்டுகிறார், சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு நின்று கட்டுகிறான். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியையே கட்டினார்கள். கட்டடத் தொழில் தெரிந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தால் வேலை இன்னும் நேர்த்தியாக இருந்திருக்கலாம். ஆனால் 52 நாளில் அலங்கம் முடிந்தது. ஜனங்கள் வேலைக்கு மனதாயிருந்தார்கள் என்று வேதம் சொல்கிறது. தெக்கோவா ஊராரின் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அந்த ஊரின் சாதாரண ஜனங்களோ தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டினார்கள். அவர்களுக்கு அந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது? கல் அவர்கள் கையில் இருந்தது.

உங்கள் சுற்றறிக்கையில் சொல்லப்பட்ட காரணங்களுக்கு வருகிறேன். குழுவினர் முதிர்ந்துவிட்டார்கள், எண்ணிக்கை குறைந்துவிட்டது என்கிறீர்கள். குறைந்தது உண்மை; 22 பேராக இருந்தவர்கள் 13 பேரானோம். கடந்த நான்கு ஆண்டுகளில் புதியவர்களைச் சேர்க்க அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிடம் தாருங்கள் என்று மூன்று முறை எழுத்தில் கேட்டோம். கிடைக்கவில்லை. ஒருங்கிணைப்பு இல்லை என்ற காரணத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்கே ஒருங்கிணைப்பு தவறியது என்று சுற்றறிக்கை சொல்லவில்லை.

மூன்றாவது காரணம் கனமானது. ஒரு வீட்டில் ஜெபத்துக்காக அந்தரங்கமாகச் சொன்ன விஷயம் வெளியே பேசப்பட்டது. அந்தக் குடும்பம் புண்பட்டது. இது நடந்தது. செய்தவர் எங்களில் ஒருவர். அவர் போய் மன்னிப்புக் கேட்டார், நாங்களும் கேட்டோம், ஆனாலும் அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதை நாங்கள் நல்ல மனதுக்கு விட்டுவைத்தோம். எழுதி வைத்து, ஒவ்வொருவரிடமும் உறுதி வாங்கியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு. ஆனால் ஒரு தவறு நடந்தால் ஊழியத்தைத் திருத்த வேண்டுமா, எடுத்துப்போட வேண்டுமா என்பதற்கு ஆதிச் சபையே வழிகாட்டியிருக்கிறது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்ந்து கொடுப்பதில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் விட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. பாரபட்சம் என்ற குற்றச்சாட்டு சிறியதன்று. அப்போஸ்தலர்கள் பந்தி விசாரணையை நிறுத்தவில்லை. சபையாரையே கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. புண்பட்ட தரப்பின் கையிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. அடுத்த சில வசனங்களிலேயே சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்று வருகிறது. அந்தக் கூட்டத்தைப் போல ஒரு கூட்டத்தை நீங்கள் ஏன் கூட்டவில்லை?

சம்பள ஊழியரை அமர்த்துவதை நான் எதிர்க்கவில்லை. வேலைக்காரன் தன் கூலிக்குப் பாத்திரன். வரப்போகிறவர் நல்லவராகவே இருப்பார்; அவருக்காக ஜெபிக்கிறேன். ஆனால் ஒருவர் 63 வீடுகளை என்ன செய்வார்? மோசேக்கு அவருடைய மாமன் எத்திரோ சொன்னதை நாம் ஞாயிறு பள்ளியிலேயே படித்தோமே: நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள். மேய்ப்பரும் போதகரும் சபைக்கு அளிக்கப்பட்டது, பரிசுத்தவான்களை ஊழியத்துக்குச் சீர்ப்படுத்தவே என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. அந்த ஊழியர் எங்களைப் பயிற்றுவிக்கட்டும், எங்கள் தவறுகளைக் கண்டிக்கட்டும், எங்களோடு வரட்டும். எங்களுக்குப் பதிலாக வர வேண்டாம்.

இந்தச் சந்திப்பு ஏதோ நம் சபையில் யாரோ தொடங்கிய பழைய வழக்கம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஞாயிறு ஆராதனையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவரிப்புகளில் ஒன்று, சுமார் 155ஆம் ஆண்டில் ஜஸ்டின் மார்ட்டர் என்ற கிறிஸ்தவ அறிஞர் ரோமப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் இருக்கிறது. வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சரசமும் என்று நாம் இன்று அறிந்த வரிசையே அதிலும் வருகிறது. அதோடு அவர் நிறுத்தவில்லை. வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோகிறார்கள் என்கிறார். மனமுள்ளோர் கொடுக்கும் காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், அந்நியர் ஆகியோருக்குப் போகிறது என்கிறார். பேரரசரிடம் ‘கிறிஸ்தவர்கள் யார்’ என்று விளக்க எழுதிய ஒருவருக்கு, வராதவர்களின் வீட்டுக்குப் போகும் கால்களைச் சொல்லாமல் ஆராதனையை விவரித்து முடிக்க இயலவில்லை.

1742ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்டுகள் கட்டிய கூடத்தின்மேல் கடன் இருந்தது. ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. மிகவும் ஏழைகளாக 11 பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நானே கொடுக்கிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பணத்துக்காக வீடு வீடாகப் போனவர்கள், இன்ன வீட்டில் சண்டை, இன்ன வீட்டில் குடி என்று கண்டுவந்து சொன்னபோது, அந்த இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி தாம் நெடுநாள் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று கண்டுகொண்டார். மெதடிஸ்டு இயக்கத்தின் வகுப்புக் கூட்டங்கள் அங்கேதான் பிறந்தன. கடனை அடைக்கப் போன இடத்தில் அவர்கள் சபையைக் கண்டெடுத்தார்கள். நமக்குக் கடன் இல்லை; காணிக்கையைக் கைபேசி வழியாகவே அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டீர்கள். வீட்டுக்குப் போவதற்கு மிச்சமிருந்த ஒரே காரணம் மனிதர்கள்தான்.

எழுப்புதல் என்றாலே நம் பிரசங்கியார்கள் சொல்லும், ஜெர்மனியிலுள்ள ஹெர்ன்ஹூட் கிராமத்தையும் எண்ணிப்பாருங்கள். 1722 முதல் மொராவியாவிலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள், சில ஆண்டுகளிலேயே ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலத்தின் பிரபுவான சின்சென்டார்ஃப் தம் அரசாங்க வேலையை விட்டு வந்து வீடு வீடாகப் போய்ப் பேசினார். 1727 மே மாதம் கூடி வாழ்வதற்கான உடன்படிக்கையில் அவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்டு 13ஆம் தேதி திருவிருந்து ஆராதனையில் ஆவியானவர் அவர்களை உருக்கினார். நாம் பெரும்பாலும் அந்த நாளோடு கதையை முடித்துவிடுகிறோம். எனக்கு அதற்குப் பின் வந்த ஆகஸ்டு 27தான் முக்கியமாகப் படுகிறது. அன்று 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் 24 மணி நேரத்தைத் தங்களுக்குள் பங்கிட்டு, ஆளுக்கு ஒரு மணி நேரம் ஜெபிக்க ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கும் மேல் அறாமல் நீடித்தது. 1732இல் அங்கிருந்து முதல் மிஷனரிகள் புறப்பட்டார்கள். அந்த அனல் அவியாமல் நின்றது, ஒவ்வொருவருக்கும் ‘இது என் மணி நேரம்’ என்ற ஒன்று இருந்ததால் என்று நம்புகிறேன். லேவியராகமம் பலிபீடத்து அக்கினி அவியக்கூடாது என்று கட்டளையிட்ட அதே மூச்சில், ஆசாரியன் காலைதோறும் அதன்மேல் விறகிட்டு எரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று நாள் கூட்டம் முடிந்த நான்காம் நாள் காலை, நம் சபையில் விறகு யார் கையில் இருக்கப் போகிறது?

கலைத்ததன் விளைவை ஏற்கெனவே பார்க்கிறோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதியில் எழுந்து போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞன் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், நடக்க முடியாத முதியோர் மூன்று பேரைத் தன் வண்டியில் ஆராதனைக்கு அழைத்துவரும் வேலையை அவனிடம் கேட்டோம். ஒத்துக்கொண்டான். அந்த முதியோருக்காக முன் வரிசைக்கு வந்தான்; ஆராதனை முடியும்வரை இருந்தான்; அவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது என்பதால் வேதத்தை வாசித்துக் காட்ட ஆரம்பித்தான். குழுவோடு அந்த வேலையும் போனது. அலுவலகத்தின் வாடகை வண்டி வரும் என்றார்கள். சில வாரம் வந்தது. அந்த முதியோரில் இருவர் இப்போது வருவதில்லை. இளைஞனும் வருவதில்லை. அவனைப் பார்க்கப் போனேன். ‘என்னை இனி எதற்கும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களே, அத்தை’ என்றான். அவனுக்கு வாஞ்சை குறைந்துவிட்டதாக உங்கள் அடுத்த அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

உங்கள்மேல் எனக்குப் பகையில்லை. நிர்வாகத்தின் நெருக்கடிகளை நான் முழுதும் அறியேன். புண்பட்ட குடும்பத்தின் கண்ணீரைப் பார்த்துப் பதறித்தான் இந்த முடிவை எடுத்தீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் இந்த முடிவை நான் அமைதியாக ஏற்க முடியாது. அதனால் கேட்கிறேன்.

கலைப்பு முடிவை உடனே நிறுத்திவையுங்கள். எழுப்புதல் கூட்டங்களுக்கு முன்பாகச் சபையின் பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். அதில் எங்களை மட்டும் பேசவிட வேண்டாம், சந்திக்கப்பட்டவர்களைப் பேசவிடுங்கள். வர முடியாதவர்கள் சொல்வதை எழுதி வாங்கிவந்து வாசியுங்கள். அந்தரங்கம் மீறப்பட்டதால் புண்பட்ட குடும்பம் விரும்பினால் அவர்களே முதலில் பேசட்டும். சந்திப்பில் கேட்டது சந்திப்போடு நிற்க வேண்டும் என்ற விதியை எழுத்தில் கொண்டுவாருங்கள். அதை மீறினால் என்ன என்பதையும் எழுதுங்கள். நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுகிறேன். அமர்த்தப்படும் ஊழியரைக் குழுவின் பயிற்சிக்குப் பொறுப்பாக்குங்கள். மூப்பர்களும் நிர்வாகக் குழுவினரும் ஒவ்வொருவராக, மாதம் ஒரு மாலையாவது எங்களோடு இரண்டிரண்டு பேராக நடந்து வாருங்கள். ஞாயிறு அறிவிப்பில் நாங்கள் கேட்ட இரண்டு நிமிடத்தைத் தாருங்கள். எழுப்புதல் கூட்டங்களின் மூன்றாம் நாள் மாலையை மேடைக்கு வைக்காமல், வந்திருக்கும் அனைவரையும் இரண்டிரண்டு பேராக அந்த வீடுகளுக்கு அனுப்பும் மாலையாக மாற்றுங்கள். பிரசங்கியாரும் ஒரு வீட்டுக்குப் போகட்டும். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை வருகிற மாத முதல் ஞாயிறுக்குள் சபையார் முன்னிலையில் எழுத்தில் சொல்லுங்கள்.

இன்னொரு விண்ணப்பம் பொதுக்கூட்டம் வரை காத்திருக்க முடியாதது. அலுவலகத்தில் இருக்கும் அந்தக் குறிப்பேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். என் கையெழுத்தில் ஒரு தாயின் பெயர் இருக்கும். எதிரே, ‘அடுத்த வாரம் மகன் அறுவை சிகிச்சைக்குப் போகிறார், அம்மா தனியாக இருப்பார், கட்டாயம் போகவேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வாரம் குழு இல்லை. போகக்கூடாது என்று சொல்லப்பட்டதால் நானும் முதலில் போகவில்லை. அது என் பாவம். பிறகு ஓர் உறவினளைப் போலப் போய்ப் பார்த்தேன். மகனுக்கு உடல் தேறிவருகிறது. அந்தத் தாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ‘சபையிலிருந்து யாரும் வரவில்லையே, என்மேல் ஏதாவது குற்றமா?’

இந்த வாரமே அந்த வீட்டுக்குச் சபையின் பெயரால் போய், அவர்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். முகவரி அதே பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
கலைக்கப்பட்ட சந்திப்புக் குழுவின் உறுப்பினர் ஒருவர்